விசைப்பலகையில் இன எழுத்து

(புதுக்கோட்டையில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



தமிழ் இணையத்தில் ஏறிய கதையைச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். அந்தக் கதை தமிழ்நாட்டில் தொடங்கவில்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணைய இணைப்புக் கொடுத்ததே 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். ஐரோப்பாவில், ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ 1989இலேயே வலைக்கான திட்டத்தை எழுதிவிட்டார். அதே ஏரிக்கரையிலுள்ள லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்தவர் கு. கல்யாணசுந்தரம். 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி இலவசமாகத் தந்தார். 1998 பொங்கலன்று அவர் முன்னின்று தொடங்கியதுதான் மதுரைத் திட்டம். இன்று நாம் செலவில்லாமல் பதிவிறக்கும் சங்க நூல்களைத் தட்டச்சு செய்தவர்கள் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள்.

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், நம்மைப் போல் ஆசிரியர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் தமிழிலும் படிக்க வழி செய்தார். தம் மென்பொருளுக்கு அவர் வைத்த பெயர் 'கணியன்'. மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார்.

ஆனால் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றவர் கணினியில் கோடும் புள்ளியுமாக விழும். இதைத் தீர்க்கத்தான் 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் கூடினார்கள். சென்னை மாநாட்டின் விளைவே தமிழ்99 விசைப்பலகை. அரசும் அதே ஆண்டில் அதை ஏற்றது. அந்த மே மாதமே கோவிந்தசாமி காலமாகிவிட்டார். குறியீட்டுக் குழப்பத்தை ஒருங்குறி பின்னர் தீர்த்தது. விசைப்பலகையைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

நம் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் பாருங்கள். பிள்ளைகள் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழை வரவழைக்கிறார்கள். வெல்லம், வெள்ளம் இரண்டையும் பிரிக்க ஆங்கிலப் பெரிய எழுத்தை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்குத் தமிழும் அங்கே தடுமாறுகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய் பெரும்பாலும் வலப்பக்கம். அ, இ, உ விசைகளுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ. க அடித்து ஆ அடித்தால் கா. ஒன்றாம் வகுப்பில் நாம் எழுதிப்போடும் உயிர்மெய் அட்டவணையேதான்! அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் அம்மா வந்துவிடும். முதல் 'ம' தானாகவே புள்ளி பெறும். இதைவிட அழகு, மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் புள்ளி தானே விழுவது. இலக்கண வகுப்பில் சொன்ன இன எழுத்தை இயந்திரம் செய்து காட்டுகிறது.

புதுக் கணினி வேண்டாம். விண்டோஸ் மொழி அமைப்பில் 'தமிழ் 99' இருக்கிறதா பாருங்கள். பழைய கணினியென்றால் இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள் போதும். விசைகளில் ஒட்ட எழுத்துச் சீட்டுகளைப் பிள்ளைகளே எழுதட்டும். ஆறாம் வகுப்பில் ஒரு பாடவேளை எடுத்து, முதலில் சங்கு, பஞ்சு, நண்டு, பந்து, கம்பு, கன்று ஆகிய ஆறு சொற்களை அடிக்கச் சொல்லுங்கள். புள்ளி விசையைத் தொடாமலே ஆறும் வரும்.