பெல் வியூவின் மண்



ஊரும் மைதானமும் என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். கிரிக்கெட்டையோ கால்பந்தையோ எடுத்துக்கொண்டு பேசுவேன் என்று பலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து மோட்டார் சைக்கிள் பந்தய அணி ஒன்றை. பெல் வியூ ஏசஸ் என்பது அதன் பெயர். சீட்டுக்கட்டின் கிளாவர் ஏஸ் அதன் சின்னம். 1928ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது அதன் கதை. இத்தனை காலம் அந்த அணி உயிரோடு இருக்கிறதே, அதற்கு என்ன காரணம் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீட்வே என்று பெயர். முட்டை வடிவத்தில் ஒரு தடம். தார் கிடையாது, சிமெண்ட் கிடையாது. கல்தூளும் மண்ணும் பரப்பிய தளம். ஒரு பந்தயத்துக்கு நான்கு பேர், நான்கு சுற்று, ஏறத்தாழ ஒரே நிமிடம். வண்டி 500 சிசி. பெட்ரோல் கிடையாது, மெத்தனால். ஒரே ஒரு கியர். பிரேக்? பிரேக்கே கிடையாது! வளைவு வரும்போது வேகத்தைக் குறைக்க வழியில்லாதவன் என்ன செய்வான்? வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிடுவான். பின்சக்கரம் வெளியே போகும், முன்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், இரும்பு லாடம் கட்டிய இடது கால் மண்ணைத் தேய்த்துக்கொண்டே வரும். முதலில் வருபவனுக்கு 3 புள்ளி, அடுத்தவனுக்கு 2, அதற்கடுத்தவனுக்கு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு பந்தயத்திலும் அணிக்கு இருவர். ஆகவே தான் ஜெயித்தால் மட்டும் போதாது; பின்னால் வரும் கூட்டாளிக்கும் வழி விட்டு, எதிரணிக்காரனை மறித்து ஓட்ட வேண்டும். தனி வீரமும் கூட்டு வேலையும் ஒரே நிமிடத்துக்குள் நடந்து முடிகிற ஆட்டம் இது.

இந்த ஆட்டம் ஆஸ்திரேலியாவில் வேர்விட்டது. 1923 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வெஸ்ட் மெய்ட்லண்ட் ஊரில், மின்விளக்கு வெளிச்சத்தில் நடந்த விழாவில் இப்பந்தயத்தை ஏற்பாடு செய்தவர்களில் ஜானி ஹாஸ்கின்ஸ் என்பவர் முக்கியமானவர். இங்கிலாந்துக்கு அது பெரிய அளவில் வந்து சேர்ந்த நாள் 1928 பிப்ரவரி 19. லண்டனை அடுத்த ஹை பீச் என்ற இடத்தில் சில ஆயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். மரத்தின் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்து பார்க்கும் அளவுக்குக் கூட்டம் திரண்டுவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடெங்கும் தடங்கள் முளைத்தன. மான்செஸ்டரில் கர்க்மன்ஷுல்ம் லேன் என்ற தெருவில் இருந்த வேட்டைநாய்ப் பந்தய மைதானத்தில் 1928 ஜூலையில் வண்டிகள் ஓடின. நாய்ப் பந்தயத்துக்கென்றே பிரிட்டனில் கட்டப்பட்ட முதல் மைதானம் அது.

மறு ஆண்டே அணிக்குச் சொந்த வீடு கிடைத்தது. எங்கே தெரியுமா? ஒரு மிருகக்காட்சி சாலைக்குள்!

1836இல் ஜான் ஜெனிசன் என்பவர் தொடங்கிய பெல் வியூ தோட்டம், மான்செஸ்டர் உழைப்பாளிகளின் விடுமுறை உலகம். ஒரு பக்கம் யானையும் சிங்கமும். ஒரு பக்கம் சர்க்கஸ், இசை அரங்கு. ஒரு பக்கம் ராட்சத ரயில் விளையாட்டு. அந்தத் தோட்டத்தின் ஹைட் ரோடு பகுதியில், 1929 மார்ச் மாதம், ஸ்பீட்வே அரங்கம் திறக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளி மனைவி மக்களோடு வருவான்; பகலில் யானை, மாலையில் மோட்டார் சைக்கிள். மற்ற ஊர்களில் நேற்று முளைத்த தடங்கள் நஷ்டத்தில் மூடப்பட்டுக்கொண்டிருந்தபோது பெல் வியூ அசையவில்லை. நிலம் தோட்டத்தின் நிலம், வாடகைத் தொல்லை இல்லை, கூட்டத்தைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்ததன் பாதி இதிலேயே இருக்கிறது.

அதன் பிறகு வெற்றி மேல் வெற்றி. 1933 முதல் 1936 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் தேசிய லீக் பட்டம். 1933 முதல் 1937 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தேசியக் கோப்பை. பிராங்க் வேரி, எரிக் லாங்டன், பில் கிச்சன், ஆஸ்திரேலியாவின் மாக்ஸ் கிராஸ்குரூட்ஸ் என்று எதிரணிகள் அஞ்சிய பெயர்கள்.

இவர்களில் எரிக் லாங்டனைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1936 செப்டம்பர், வெம்பிளி அரங்கம், முதல் உலகச் சாம்பியன் போட்டி. லாங்டனும் ஆஸ்திரேலியாவின் லயனல் வான் பிராகும் சம புள்ளியில் நின்றார்கள். இருவருக்கும் மட்டும் ஒரு தீர்வுப் பந்தயம். புறப்படும் நேரத்தில் லாங்டன் முந்திவிட்டார், தொடக்கக் கோட்டு நாடாவைத் தொட்டுவிட்டார். விதிப்படி அவரை வெளியேற்றலாம். எதிரே நிற்பவர் ஒரு சுற்றும் ஓட்டாமல் உலகச் சாம்பியன் ஆகிவிடலாம். வான் பிராக் அதற்கு ஒப்பவில்லை. அப்படி ஒரு பட்டம் தனக்கு வேண்டாம், மறுபடியும் புறப்படுவோம் என்று நின்றார். மறுபடியும் புறப்பட்டார்கள். லாங்டன் கடைசி வளைவு வரை முன்னால் போனார்; அங்கே கிடைத்த சிறு இடைவெளியில் வான் பிராக் நுழைந்து, நூலிழையில் வென்றார். பெல் வியூவுக்கு அன்று பட்டம் இல்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிடப் பந்தயத்தை இருவரின் ஊர்க்காரர்களும் சொந்தம் கொண்டாடலாம்.

போர் வந்தது. 1939இல் நாடெங்கும் தடங்கள் மூடப்பட்டன. வீரர்கள் படைக்கும் ஆயுத ஆலைகளுக்கும் போனார்கள். அந்தப் போர்க்காலம் முழுவதும் பந்தயத்தை விடாமல் நடத்திய ஒரே இடம் பெல் வியூ. குண்டு வீச்சுக்கு ஆளான நகரம் அது என்பதை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் பதுங்கு குழியில் கிடந்தவர்கள், வாரம் முழுவதும் ஆலையில் நின்றவர்கள், சனிக்கிழமை வந்து அந்த வேலியோரம் நின்றார்கள். போர் முடிந்ததும் இந்த ஆட்டம் மற்ற ஊர்களில் மறுபடி தளிர்க்க முடிந்ததென்றால், நடுவில் இந்தத் திரி அணையாமல் இருந்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

போருக்குப் பிறகு ஜாக் பார்க்கர் தலைமையில் கோப்பைகள் வந்தன. 1950களில் கேளிக்கை வரியும் தொலைக்காட்சியும் சேர்ந்து இந்த ஆட்டத்தை வதைத்தன; அணிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. பெல் வியூ நின்றது. மெய்ட்லண்டில் தொடங்கிய அதே ஜானி ஹாஸ்கின்ஸ்தான் அந்தக் கடினமான ஆண்டுகளில் இங்கே பந்தயங்களை நடத்தினார். அந்த ஆண்டுகளில்தான் இந்த மண்ணின் மிகப் பெரிய வீரர் வளர்ந்தார்.

பீட்டர் கிரேவன். லிவர்பூலில் பிறந்தவர். குள்ளமான, ஒல்லியான உடம்பு. வண்டியின் எடைக்கும் அவர் எடைக்கும் பொருத்தமே இல்லை. மற்றவர்கள் வலிமையால் அடக்கிய வண்டியை அவர் உடம்பின் சாய்வால் ஆண்டார். சமநிலையின் மந்திரவாதி என்றே பெயர் பெற்றார். 1955இல் உலகச் சாம்பியன், 1962இல் மீண்டும் உலகச் சாம்பியன். இங்கிலாந்து வீரர் ஒருவர் இரண்டாம் முறை அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் தடவை.

1963 செப்டம்பர் 20. எடின்பரோவின் மெடோபேங்க் அரங்கம். அவருக்கு முன்னே போன எதிரணி வீரர் தடத்தில் விழுந்துவிட்டார். பிரேக் இல்லாத வண்டி என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? நேரே போனால் விழுந்தவர் மேல் ஏற வேண்டும். கிரேவன் வளைத்தார். வேலியில் மோதினார். நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 24 அன்று, 29 வயதில் இறந்தார். விழுந்தவர் பிழைத்தார்.

அவையோரே, உலகப் பட்டங்களை எண்ணி வீரர்களை வரிசைப்படுத்துகிறார்கள். என் கணக்கில் பீட்டர் கிரேவன் வாழ்நாளில் ஓட்டிய எல்லா வளைவுகளிலும் உயர்ந்தது அந்தக் கடைசி வளைவு. அவர் பெயரால் நினைவுக் கோப்பை ஒன்றை ஏற்படுத்திப் பெல் வியூ இன்றும் அவரைப் போற்றுகிறது.

அடுத்து வந்தவர் நியூசிலாந்தின் ஐவன் மாகர். 1969இல் அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டும், 1970இலும், 1972இலும் பெல் வியூ வீரராகவே உலகச் சாம்பியன் ஆனார். அணியோ 1970, 71, 72 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லீக் பட்டம் பெற்றது. பிறகு பீட்டர் காலின்ஸ், மான்செஸ்டர் வட்டாரத்துப் பிள்ளை. ஐந்து சகோதரர்கள், ஐவருமே ஸ்பீட்வே வீரர்கள்! 1976இல் போலந்தின் ஹோசூஃப் நகரில், மாபெரும் கூட்டத்தின் முன்னால், பீட்டர் காலின்ஸ் உலகப் பட்டம் வென்றார். 1982இல் இன்னொரு லீக் பட்டம்.

இனி வலிக்கும் பகுதிக்கு வருகிறேன்.

மிருகக்காட்சி சாலை 1977இல் மூடப்பட்டது. யானைகள் போயின, சிங்கங்கள் போயின. தோட்டம் துண்டு துண்டாகச் சிதைந்தது. அரங்கம் மட்டும் இன்னும் பத்தாண்டு தாக்குப்பிடித்தது. 1987இல் அதுவும் விற்கப்பட்டது. வாங்கியது கார் ஏலம் விடும் நிறுவனம். அந்த நவம்பர் 1ஆம் தேதி ஹைட் ரோட்டில் கடைசியாக ஸ்பீட்வே வண்டிகள் ஓடின. லாங்டன் சறுக்கிய வளைவு, கிரேவன் சாய்ந்த வளைவு, போர்க்காலத்தில் மக்கள் நின்று பார்த்த மேடை, எல்லாம் தரைமட்டம்.

எந்தச் சட்டத்தையும் யாரும் மீறவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர் விற்றார், காசு உள்ளவர் வாங்கினார், பத்திரம் பதிவாயிற்று. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அங்கே வந்து நின்றவர்களின் பெயர் அந்தப் பத்திரத்தில் எங்கும் இல்லை. தோட்டத்தின் நிலம் என்பதால் அணி நிமிர்ந்து நின்றது என்று சொன்னேன்; அதே காரணத்தால்தான் அது விழவும் செய்தது. பிறர் தயவில் கிடைத்த நிழல் அது.

அணி கலைந்துவிடும் என்றுதான் பலரும் எண்ணினார்கள். கலையவில்லை. 1988இல் அருகிலேயே, எங்கே முதன்முதல் வண்டி ஓட்டினார்களோ அந்த நாய்ப் பந்தய மைதானத்துக்கே திரும்பினார்கள். வேறு ஆட்டத்துக்குக் கட்டிய இடம். அங்கே இருந்துகொண்டே 1993இல் லீக் பட்டம் வென்றார்கள். பின்னர் ஆஸ்திரேலியாவின் ஜேசன் கிரம்ப் வந்தார். 2004இல் உலகச் சாம்பியன் ஆனார். ஆனாலும் அது ஒண்டிக் குடியிருந்த வீடுதான், சொந்த வீடு இல்லை.

சொந்த வீட்டுக்காகப் போராடியவர்களில் ஒருவர் கிறிஸ் மோர்டன். ஹைட் ரோட்டில் ஆண்டுக்கணக்காக அணிக்காக ஓட்டியவர். 1984இல் பீட்டர் காலின்ஸுடன் சேர்ந்து உலக இரட்டையர் பட்டம் வென்றவர். ஓய்வு பெற்ற வீரர் கோப்பைகளை அலமாரியில் வைத்துவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். அவர் நிர்வாகத்துக்கு வந்தார். டேவிட் கார்டன் என்பவரோடு சேர்ந்து, மாநகராட்சியின் கதவைத் தட்டி, ஸ்பீட்வேக்கென்றே ஒரு தேசிய அரங்கம் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். மாநகராட்சி செவிசாய்த்தது. அதே கர்க்மன்ஷுல்ம் லேனில், 347 மீட்டர் தடத்தோடு, அரங்கம் எழுந்தது.

2016 மார்ச் 19, திறப்பு விழாப் பந்தயம். ஆயிரக்கணக்கானோர் வந்து அமர்ந்துவிட்டார்கள். தடத்தில் இறங்கிப் பார்த்த வீரர்கள் மண் சரியாக இல்லை, ஓட்டினால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். பந்தயம் ரத்து. முப்பதாண்டுக் கனவு நிறைவேறும் நாளில் மக்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். தடத்தைத் திருத்தி, அந்த ஆண்டே அணி லீக் இறுதிப் போட்டி வரை போனது, வுல்வர்ஹாம்ப்டனிடம் தோற்றது. அணியை நடத்திய நிறுவனமும் நொடித்துப்போனது. கோப்பையும் இல்லை, கம்பெனியும் இல்லை. ஆனால் அரங்கம் இருந்தது! ஏலத்துக்குப் போகாத, கார் நிறுத்தமாக மாறாத அரங்கம் இருந்தது. அதனால் 2017இல் புதியவர்கள் வந்து பொறுப்பேற்க முடிந்தது. 2022இல், 29 ஆண்டுகளுக்குப் பிறகு, லீக் பட்டம் மீண்டும் வந்தது. 2024இல் மறுபடியும் வந்தது. 2021இலும் 2024இலும் பிரிட்டன் நாட்டு அணி உலகக் குழுப் பட்டத்தை வென்றது இதே மண்ணில்தான். இரண்டு முறையும் அதில் பெல் வியூவின் டான் பியூலி இருந்தார்.

மற்ற ஊர்களைப் பாருங்கள். கவென்ட்ரி அணியின் பிராண்டன் அரங்கம் 2016க்குப் பிறகு இயங்கவில்லை. அங்கே வீடு கட்டும் திட்டத்தை எதிர்த்து ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். ஸ்விண்டனில் 2019க்குப் பிறகு பந்தயம் இல்லை. வுல்வர்ஹாம்ப்டனும் பீட்டர்பரோவும் 2023 பருவத்தோடு தடத்தை இழந்தன. இந்த ஊர்களில் வீரர்களுக்குப் பஞ்சமில்லை, ரசிகர்களுக்கும் பஞ்சமில்லை. கால் ஊன்ற இடம் பறிபோயிற்று. பெல் வியூவை அவற்றிலிருந்து பிரிப்பது கோப்பைகள் என்று நான் நம்பவில்லை. இடம் போனபோதெல்லாம் இன்னோர் இடத்துக்காக நகராட்சிப் படியேறிய மனிதர்களே பிரிக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் பலர் மான்செஸ்டருக்குப் படிக்கப் போகிறார்கள். அங்கே இருக்கும் இரண்டு பெரிய கால்பந்து மைதானங்களையும் அவர்கள் பார்த்துவிட்டு வரட்டும். அப்படியே ஒரு பந்தய நாள் மாலை, கோர்டன் பகுதியின் கர்க்மன்ஷுல்ம் லேனுக்கும் போகச் சொல்லுங்கள். வாசலில் டிக்கெட் வாங்கி உள்ளே போகச் சொல்லுங்கள். அந்த டிக்கெட் காசை நம்பித்தான் இந்த அணி நடக்கிறது.