ஒரே கண்மாய், ரெண்டு கோழி

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி: கானாங்கோழியும் தாழைக்கோழியும் ஒண்ணுதானா? இல்லை. ஆனா குழம்புறது நியாயம்தான். ரெண்டும் ஒரே குடும்பம். ஆளைப் பார்த்தா ரெண்டுமே சட்டுனு மறைஞ்சிடும்.

நான் சிவகாசிப் பக்கம். மழை குறைஞ்ச ஊர். அந்தக் காய்ஞ்ச காற்றுதான் அங்கே தீப்பெட்டியையும் பட்டாசையும் வளர்த்தது. ஐப்பசி மழையில கண்மாய் நிறைஞ்சா, ராத்திரியில 'க்வாக், க்வாக்'னு ஒரு சத்தம் விடாம கேட்கும். தவளைன்னு நினைச்சிருந்தேன். "கானாங்கோழிடா அது"ன்னு தாத்தாதான் சொன்னார்.

கானாங்கோழிக்கு முகமும் மார்பும் பளிச்சுனு வெள்ளை. வாலுக்கு அடியில துரு நிறம். கரைப் புதர், வேலி, வாய்க்கால் ஓரம்தான் அதோட இடம். தாழைக்கோழி கறுப்பு. நெற்றியில சிவப்புக் கவசம், அலகு நுனி மஞ்சள், விலாவில வெள்ளைக் கோடு, வாலுக்கு அடியிலும் வெள்ளை. வாத்து மாதிரி விரலிடைச் சவ்வு கிடையாது. ஆனாலும் நல்லா நீந்தும். கோரைக்கும் தண்ணிக்கும் நடுவுலதான் அதோட வாழ்க்கை. ரெண்டுமே வாலை ஆட்டிக்கிட்டே இருக்கும். அதனால ஓடி ஒளியுறதுக்குள்ள வாலடியைப் பாருங்க: துருவா, வெள்ளையா?

இப்போ ஒரு தப்பை ஒத்துக்கணும். சில வருஷம் முன்னாடி நாங்க பசங்க சேர்ந்து காசு போட்டு, ஜேசிபி வெச்சு எங்க கண்மாயைச் சுத்தம் பண்ணினோம். சீமைக்கருவேலத்தோட சேர்த்து கோரை, சம்பு, கரைப் புதர் எல்லாத்தையும் வழிச்சாச்சு. போட்டோவுக்கு லைக் குவிஞ்சது. அந்த மழைக்குக் கண்மாய் தளும்புச்சு. ராத்திரி மட்டும் ஒரு சத்தமும் இல்லை. வெடிச் சத்தத்துக்குப் பயந்து போயிருக்கும்னு சொன்னாங்க. வெடி எங்க ஊருக்கு என்ன புதுசா? அத்தனை தீபாவளிக்கும் அந்தக் கோழிங்க அங்கேதானே இருந்துச்சு.

ஒண்ணுக்குப் புதர் வேணும், இன்னொண்ணுக்குக் கோரை வேணும். நாங்க ரெண்டையும் குப்பைன்னு நினைச்சிட்டோம்.

அதுக்கப்புறம் கிழக்குக் கரையில யாரும் கை வைக்கல. ரெண்டாவது மழையில கானாங்கோழி கூப்பிட்டுச்சு. தாழைக்கோழி இன்னும் வரல. கோரை இப்பதான் துளிர்க்குது.

உங்க ஏரியிலயும் சுத்தம் பண்றோம்னு கூப்பிட்டா கண்டிப்பா போங்க. ஒரு ஓரத்தை மட்டும் அப்படியே விடச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.