நெஞ்சு வலியும் நேரத்தின் மதிப்பும்

(ஜமாஅத் மருத்துவ முகாமில் நிகழ்த்தப்பட்ட உரை)

  

நெஞ்சு வலித்தால் "வாய்வுதான்" என்று கூறி, சோடாவோ ஓம நீரோ அருந்திவிட்டுப் படுத்துக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அது வாய்வாகவும் இருக்கலாம். ஆயினும் அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமல்லர். அவசர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்களே. அவர்கள் எவ்வாறு ஆராய்கின்றனர் என்பதை அறிந்திருந்தால், அவர்களுக்கு நாம் துணை நிற்க இயலும்.

நோயாளி வந்து சேர்ந்த 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது மருத்துவ நியதி. இதயத்தின் இரத்தக் குழாய் முற்றிலும் அடைபட்டிருப்பின் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மடிகிறது. ஆகவே பலூன் சிகிச்சையால் குழாயைத் திறக்கவோ, அவ்வசதி 2 மணி நேரத்திற்குள் கிட்டாதெனில் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி போடவோ மருத்துவர்கள் விரைகின்றனர்.

இங்கே ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருப்பதால் மட்டும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. இதயத் தசை சேதமுறும்போது ட்ரோபோனின் என்னும் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. அது சோதனையில் புலப்படச் சில மணி நேரம் ஆகலாம். அதனால்தான், சோதனை முறைக்கேற்ப 1 முதல் 6 மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்கின்றனர். "பணத்திற்காகக் காக்க வைக்கிறார்கள்" என்று எண்ணிக் கையெழுத்திட்டு வெளியேறுவோர் உளர். அந்தக் காத்திருப்பும் பரிசோதனையின் ஒரு பகுதியே என்பதை உணர வேண்டும்.

எல்லா நெஞ்சு வலியும் மாரடைப்பன்று. மகாதமனியின் உட்சுவர் கிழிதல், நுரையீரல் இரத்தக் குழாய் அடைபடுதல் ஆகியனவும் உயிருக்கு ஆபத்தானவை. மாரடைப்பிற்கு நலம் தரும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, மகாதமனி கிழிந்தவருக்குத் தீங்காகும். எனவே வலி எப்போது தொடங்கியது, அழுத்துகிறதா, கிழிப்பது போன்றுள்ளதா, தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவுகிறதா என்ற வினாக்களுக்கு உள்ளதை உள்ளபடி கூறுங்கள். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை உண்டிருந்தால் அதையும் வெட்கத்தால் மறைக்காதீர்கள். நாவின் அடியில் வைக்கும் இதய மாத்திரையும் அதனோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் அபாயமாகச் சரியும்.

பெண்கள், முதியோர், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்குக் கடும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறல், வியர்வை, குமட்டல், களைப்பு மட்டும் தோன்றலாம். தாய்மார்களே! வீட்டு வேலையின் அசதி என்று பொறுத்திருக்காதீர்கள். ஆண்கள் வீடு திரும்பட்டும் என்றும் காத்திருக்காதீர்கள்.

தமிழகத்தில் 2008 முதல் இயங்கும் 108 ஆம்புலன்ஸை உடனே அழையுங்கள். நோயாளியை இரு சக்கர வாகனத்தில் ஏற்றிச் செல்லாதீர்கள்.

சோதித்தபின் வாய்வு என்று தெரிந்தால் இழப்பு சில மணி நேரமே. சோதிக்காமல் விட்டு அது மாரடைப்பாக இருந்தால், இழப்பு ஒரு குடும்பத்தின் தூண் என்பதை மறவாதிருப்போமாக!