மேல்முறையீட்டு வழக்கறிஞர் பணி: வாயைவிடக் கண்ணுக்கும் பேனாவுக்கும் வேலை



"என் பையன் நன்றாகப் பேசுவான், அவனை லாயராக்கிவிடலாம்" என்று சொல்லாத இந்தியக் குடும்பம் நம் ஜொகூரில் உண்டா? வெறும் பேச்சு மட்டும் போதுமென்றால் என்னைப்போல் தொலைக்காட்சிக்கு வந்துவிடலாம். ஒரு டிப்ளோமாவோடு வேலை முடிந்தது. (சிரிப்பு) இன்று எனக்குத் தந்திருக்கும் தலைப்பு மேல்முறையீட்டு வழக்கறிஞர் பணி. இதற்கு வாயைவிடக் கண்ணும் பேனாவும்தான் அதிகம் தேவை.

மேல்முறையீடு என்றால் வழக்கை மறுபடியும் முதலிலிருந்து நடத்துவது என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அங்கே சாட்சிகள் கூண்டில் ஏறமாட்டார்கள். மிக அரிதாகத் தவிர, புதிய ஆதாரமும் ஏற்கப்படாது. கீழ் நீதிமன்றத்தில் பதிவானவை எல்லாம் கட்டுக் கட்டாகப் புத்ராஜெயாவுக்குப் போகும். நீதிபதி எந்த இடத்தில் சட்டத்தைத் தவறாகப் பொருத்தினார், எந்தச் சாட்சியத்தைக் கவனிக்காமல் விட்டார் என்பதை அந்தக் கட்டுகளிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். ஆயிரம் பக்கம் படித்து, அதில் வழக்கையே திருப்பக்கூடிய மூன்று வரியைக் கண்டுபிடிக்கிற பொறுமை உள்ள பிள்ளைக்கு இது ஏற்ற தொழில். மேடையில் கூச்சப்படுகிற பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்திரா காந்தி வழக்கை உங்களில் அறியாதவர் இருக்க முடியாது. 2009இல் மூன்று பிள்ளைகள் தாயின் சம்மதமில்லாமல் மதமாற்றம் செய்யப்பட்டனர். 2013இல் ஈப்போ உயர் நீதிமன்றம் அந்த மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தது. தாய்க்கு வெற்றி. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. தாய்க்குத் தோல்வி. 2018 ஜனவரி 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தனர்.

இந்த ஒன்பது ஆண்டுகளில் நடந்த சம்பவங்கள் மாறவில்லை, பிள்ளைகளின் பெயர்களும் மாறவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஒரு சொல்லை எப்படி வாசிப்பது, சிவில் நீதிமன்றத்துக்கு இதில் அதிகாரம் உண்டா என்ற கேள்விகளில்தான் எல்லாமே நின்றது. இடையில் தோற்றபோதும் ஒரு நீதிபதி மாற்றுத் தீர்ப்பு எழுதினார் பாருங்கள், அப்படிப்பட்ட தீர்ப்பை வரிவரியாகப் படித்து அடுத்த படிக்கு எடுத்துப் போவதும் இந்த வழக்கறிஞர்களின் வேலைதான். தீர்ப்புக்குப் பிறகும் மகளை நேரில் காண அந்தத் தாய் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பது வேறொரு வேதனை.

நம் மாநிலத்திலும் ஒரு வழக்கு உண்டு. லிங்கியு அணைக்காகக் காட்டை இழந்த ஜக்கூன் பூர்வகுடி மக்கள், அடோங் குவாவும் மற்றவர்களுமாக, ஜொகூர் அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுத்து 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு பெற்றார்கள். அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. 1998இல் அது தள்ளுபடியானது. கையில் வந்த வெற்றியைக் காப்பாற்றித் தருவதும் மேல்முறையீட்டு வழக்கறிஞரின் பாதி வேலை என்பதை மறந்துவிடாதீர்கள்.

சரி, இந்த வேலைக்குப் போவது எப்படி? மலேசியாவில் இதற்கென்று தனி உரிமம் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர் எல்லா மேல் நீதிமன்றங்களிலும் வாதாடலாம். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட உள்நாட்டுச் சட்டப் பட்டம் இருந்தால் நேராகப் பயிற்சிக்குப் போகலாம். பிரிட்டிஷ் சட்டப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் சி.எல்.பி. தேர்வில் தேற வேண்டும். ஜொகூர் பாருவில் இருந்துகொண்டே பிரிட்டிஷ் பட்டம் படிக்க வைக்கிறோம் என்று வீட்டை அடகு வைக்கும் பெற்றோர், இந்தத் தேர்வையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அதன்பின் ஏழாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரிடம் ஒன்பது மாதப் பயிற்சி. மலாய் மொழித் தகுதியும் கட்டாயம். நடவடிக்கைகள் மலாயில், பழைய தீர்ப்புகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். இரண்டிலும் பிழையில்லாமல் எழுத வராதவருக்கு இந்தத் துறையில் இடமில்லை என்றே நான் சொல்வேன். நம் தமிழும் வீண்போகாது. தோற்றுப்போன தோட்டத்து அம்மாவுக்கு ஏன் தோற்றோம் என்று விளக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டுமல்லவா?

வேலை எங்கே கிடைக்கும்? தனியார் வழக்கறிஞர் நிறுவனங்களில், சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தில், நீதிபதிகளுக்குத் துணைபுரியும் ஆய்வு அதிகாரிப் பணியில். முதல் சில ஆண்டுகள் பெரிய வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள். பிறகு உயரலாம். 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைந்தபோது வழக்கறிஞராக இருந்த கோபால் ஸ்ரீ ராம் நேரடியாக அதன் நீதிபதியானார். ஓய்வுக்குப் பிறகும் மீண்டும் கறுப்பு அங்கி அணிந்து வாதாடினார். 2023இல் அவர் மறைந்தார்.

பெற்றோருக்கு, ஏன் எல்லாருக்குமே, இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உயர் நீதிமன்றத்தின் சிவில் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க 30 நாள்தான். குற்றவியல் வழக்கென்றால் 14 நாள். "தீபாவளி முடியட்டும், பார்க்கலாம்" என்று காத்திருந்தவர்களின் கதவு மூடிவிடுகிறது. பிறகு கால நீட்டிப்புக் கேட்டு நிற்க வேண்டும். கேட்டவருக்கெல்லாம் அது கிடைத்துவிடாது. நல்ல வழக்கறிஞர் தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்று மாலையே நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவிடுவார்.

ஆர்வமுள்ள மாணவர்கள் அடுத்த பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பின்வரிசையில் அமைதியாக உட்காரலாம், கைப்பேசியை மட்டும் அடைத்துவிடுங்கள். செஷன்ஸ் நீதிமன்றத்திலிருந்து வரும் மேல்முறையீடுகள் அங்கேயே நடக்கின்றன. நீதிபதி ஒரு பக்க எண்ணைச் சொல்லி "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்கும்போது, எந்த வழக்கறிஞர் தாளைப் புரட்டித் தேடுகிறார், எவர் தேடாமலே பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள்.