ஆராய்ச்சி என்னும் அறம்



பசித்தவனுக்குச் சோறிடுவதும், நோயாளிக்கு மருந்து வாங்கித் தருவதும் தர்மம் என்பதை நம் ஜனங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு நோயின் மூலகாரணத்தைத் தேடி ஆண்டுக்கணக்கில் உழைக்கும் விஞ்ஞானிக்கு, பலன் கிட்டுமோ கிட்டாதோ என்று அறியாமலே பொருள் கொடுப்பதும் அதற்குக் குறையாத தர்மமே என்று வாதாடவே இன்று உங்கள் முன் நிற்கிறேன். அமெரிக்க தேசத்தில் ஒரு நோயின் வரலாற்றையே அதற்குச் சாட்சியாகக் கொள்கிறேன்.

சந்திரனில் முதன்முதல் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்குக்குக் கேரன் என்று ஒரு பெண் குழந்தை இருந்தாள். 1961-ஆம் ஆண்டில் ஒருநாள் விளையாடும்போது இடறி விழுந்த அக்குழந்தைக்குப் பார்வை கோணிற்று; மூளைத்தண்டில் கட்டி என்றார்கள் வைத்தியர்கள்; கதிர்வீச்சுச் சிகிச்சை சிறிது காலம் தெம்பளித்தது; 1962 ஜனவரி 28-ஆம் தேதி, மூன்று வயது நிரம்பாமலே அவள் இறந்தாள். சரியாக ஒரு வாரம் சென்று, பிப்ரவரி 4-ஆம் தேதி, மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனை திறக்கப்பட்டது. டானி தாமஸ் என்ற நடிகர் பொதுமக்களிடம் கேட்டுத் திரட்டிய நிதியால் எழுந்தது அது. சிகிச்சைக்கென்று எந்தக் குடும்பத்தினிடமும் பணம் கேட்பதில்லை என்ற விரதத்தை இன்றளவும் காத்து வருகிறது. அக்காலத்தில் குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய் வகையில் நூற்றுக்கு நால்வர் பிழைத்தாலே அதிகம். இன்று தொண்ணூறு பேருக்கு மேல் பிழைக்கிறார்கள்.

கேரனைக் கொண்டுபோன நோய்க்கு மட்டும் அந்தப் பாக்கியம் ஏன் வாய்க்கவில்லை? இரத்தத்தை வேண்டும்போதெல்லாம் எடுத்துப் பரிசோதிக்கலாம். டி.ஐ.பி.ஜி. எனப்படும் இந்தக் கட்டியோ, மூச்சும் விழுங்குதலும் கண்ணசைவும் எந்த நரம்புகளால் நடக்கின்றனவோ அவற்றினிடையே, மணலில் உப்புக் கலந்தாற்போல நல்ல உயிரணுக்களோடு விரவிக் கிடக்கிறது, அறுத்தெடுக்க வழியில்லை, துளி எடுத்துப் பார்க்கவும் நெடுங்காலம் அஞ்சினார்கள். கையில் திசு இல்லாத விஞ்ஞானி எதை ஆராய்வது?

அந்தத் திசுவைக் கொடுத்தவர்கள் பெற்றோர்கள். பிள்ளையின் உயிர் பிரிந்த சில மணி நேரத்துக்குள் கட்டியை எடுத்தால்தான் அதன் அணுக்களை வளர்க்க இயலும் என்று கேட்டபோது, துக்கம் தொண்டையை அடைத்த அந்த வேளையிலும், இனிமேல் வேறொருவர் குழந்தையாவது பிழைக்கட்டும் என்று சம்மதித்துக் கையொப்பமிட்டார்களே, அதற்கு ஈடாக எந்தப் பொற்குவியலைச் சொல்வது! அவ்வாறு கிடைத்த திசுவைக் கொண்டு ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜே குழுவினர் அந்த அணுக்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து, 2011-இல் வெளியிட்டனர். மறு ஆண்டே வேறு விஞ்ஞானிகள், ஹிஸ்டோன் என்னும் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிப்போவதுதான் பெரும்பாலான இக்கட்டிகளின் அடையாளம் என்று கண்டார்கள். 2024-இல், நோயாளியின் சொந்த வெள்ளணுக்களையே பயிற்றுவித்துக் கட்டியின்மீது ஏவிய சிகிச்சையில், பதினொருவருள் ஒருவருக்குக் கட்டி முற்றிலும் மறைந்தது. அந்த ஹிஸ்டோன் மாற்றமுள்ள கட்டிகளுக்கென்றே ஒரு மருந்துக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு முதன்முதலாக அனுமதி தந்தது. நோய் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான குழந்தைகள் இன்றும் ஓராண்டுக்குள் மாண்டுபோகிறார்கள்.

அந்நாட்டில் ஆண்டுக்குச் சில நூறு குழந்தைகளுக்கே வரும் இந்நோயில் லாபம் காணாத வியாபாரிகள் முன்வரத் தயங்கினார்கள். அந்த இடத்தை நிரப்பியவர்கள் சாதாரண மனிதர்கள். 1984-இலேயே அட்லாண்டாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் ஒன்றுகூடி ஊர்வலம் போய், குழந்தைகளின் மூளைக் கட்டிகளுக்கென்று நிதி சேர்க்கத் தொடங்கினர். பிள்ளையை இழந்த பெற்றோர்கள் சிறுசிறு அறநிலையங்களை நிறுவினர். இதே நோயால் பத்து வயதில் மறைந்த ஒரு சிறுமி, சாகுமுன் பெரியவர்களை நோக்கிப் பேச்சை நிறுத்திக் காரியத்தில் இறங்குமாறு கேட்டதன் பயனாக, 2014-இல் அவள் பெயராலேயே ஒரு சட்டம் பிறந்தது. கட்சி மாநாடுகளுக்கு ஒதுக்கியிருந்த அரசுப் பணத்தை, ஆண்டுக்கு 1 கோடியே 26 லட்சம் டாலர் வீதம் பத்தாண்டுகளுக்குக் குழந்தை நோய் ஆராய்ச்சிக்குத் திருப்பிவிட அது வகைசெய்தது. முதலில் பொதுமக்களின் கொடை, பின்னர் அரசாங்கத்தின் கவனம் என்ற வரிசையைத் தயைகூர்ந்து கவனியுங்கள்.

மருத்துவமனைக்குக் கட்டில் வாங்கிக் கொடுப்பவர் அதன்மீது தம் பெயரைப் பொறிக்கலாம். தோற்றுப்போன ஒரு பரிசோதனையின்மீது யார் பெயரைப் பொறிப்பது? ஆயினும் பத்துத் தோல்விகளுக்கும் பொருள் கொடுத்தவர் இருந்ததனாலேதான் பதினோராவது முயற்சி நடக்கிறது. மேலும், ஒரு முறை வந்து நின்றுவிடும் பெருந்தொகையைவிட ஆண்டுதோறும் தவறாமல் வரும் சிறுதொகையே ஆய்வுகூடத்துக்கு உற்ற துணை. பணம் நின்றால் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் வேறு வேலை தேடிப் போவார்கள், வளர்த்துவந்த அணுக்கள் கவனிப்பாரின்றி அழியும். ஆகவே, இங்கே நிதி வழங்க எண்ணியிருக்கும் அன்பர்கள் அதில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கென்றே குறித்து, அதையும் ஐந்தாண்டுச் சந்தாவாக எழுதித் தருமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.