உறையிலிருந்து எடுக்கும் கணம்: தற்காப்பும் துப்பாக்கியும்



துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பலரிடம் ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கிறது: "லைசென்ஸ் இருக்கிறது, ஆபத்து என்றால் எடுக்கலாம்." 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் தரும் உரிமம் ஆயுதத்தை வைத்திருப்பதற்கு மட்டுமே அனுமதி. அதை ஒரு மனிதனை நோக்கி நீட்டும் உரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை என்று நாம் படித்தவைதான் அவை.

"நான் சுடவில்லையே, காட்டினேன், அவ்வளவுதானே" என்பார்கள். அடிக்கப் போகிறான் என்று எதிராளி அஞ்சும்படி கையை ஓங்கினாலே நியாய சன்ஹிதாவின் 130ஆம் பிரிவின்படி குற்றம். கொன்றுவிடுவேன் என்று மிரட்டினால் 351ஆம் பிரிவின்கீழ் ஏழாண்டு வரை சிறை. ஆகவே துப்பாக்கியை எடுப்பதற்கே நியாயம் வேண்டும். அந்த நியாயத்தைத் தருவது அந்தக் கணத்தில் கண்முன் நிற்கும் ஆபத்து. வண்டி நிறுத்துமிடத்தில் வாய்ச்சண்டை முற்றியதற்காகத் துப்பாக்கியை எடுத்தவருக்குச் சட்டத்தில் இடமில்லை. அரிவாளை ஓங்கியபடி ஒருவன் பாய்ந்து வரும்போது எடுத்தவருக்கு உண்டு. முதல் வெட்டு விழும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. தாக்கும் முயற்சியோ மிரட்டலோ நியாயமான அச்சத்தை உண்டாக்கிய உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது என்கிறது 40ஆம் பிரிவு.

உயிரைப் பறிக்கும் அளவுக்கு அந்த உரிமை எப்போது நீளும்? சாவு, கொடுங்காயம், பாலியல் வன்முறை, ஆள்கடத்தல், அமில வீச்சு போன்றவற்றை 38ஆம் பிரிவு எண்ணிச் சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் அமில வீச்சு 2013இல்தான் சேர்ந்தது. மற்றத் தாக்குதல்களில் சாவு தவிர்த்த தீங்குவரைதான் போகலாம்.

தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். நிலத் தகராறு. நீள்பிடி வெட்டுக்கத்தியால் தந்தை தாக்கப்படுகிறார். மகன் தன் உரிமத் துப்பாக்கியால் சுடுகிறார், தாக்கியவர் இறக்கிறார். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, 2010இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. உயிர் ஊசலாடும் நேரத்தில் எதிர்த்தாக்குதலை எடைபோட்டு அளந்து செய்யும்படி யாரையும் கேட்க முடியாது என்பதே அதன் சாரம். நம் நீதிமன்றங்கள் ஓடித் தப்பும் கடமையையும் குடிமகன் மேல் சுமத்தியதில்லை. இது சரியான நிலை என்பதே என் உறுதியான கருத்து.

இதன் மறுபக்கம் 1963இல் தீர்ப்பான ஜெய் தேவ் வழக்கு. அதிலும் நிலத் தகராறுதான். தொடக்கத்தில் தற்காப்புரிமையும் இருந்தது. ஆனால் எதிராளிகள் சிதறி ஓடிய பிறகும் தோட்டாக்கள் பறந்தன. ஆபத்து நீங்கிய நொடியில் உரிமையும் நீங்கிவிட்டது என்றது உச்ச நீதிமன்றம். ஓடுகிறவன் முதுகில் பாய்ந்த தோட்டாவுக்குத் தற்காப்பு என்ற பெயர் பொருந்தாது. நல்லெண்ணத்தோடு எல்லை மீறியிருந்தால் கொலை என்பது கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறையலாம். அப்போதும் சிறை உண்டு.

ஒரு வரலாற்றுச் செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். மெக்காலே வரைந்து 1860இல் சட்டமான தண்டனைத் தொகுப்பு இந்தியருக்குப் பரந்த தற்காப்புரிமையைத் தந்தது. பதினெட்டே ஆண்டுகளில், 1878இன் ஆயுதச் சட்டம் அவர்கள் கையிலிருந்த கருவியைப் பறித்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. எதிர்த்து நிற்கும் உரிமையைக் கொடுத்து, எதிர்க்கும் வழியை அடைத்த அந்த ஆட்சியின் அநீதியை நாம் மறக்கக் கூடாது.

இன்னும் இரண்டு செய்திகள். காவல்துறையை நாட அவகாசம் இருந்தால் 37ஆம் பிரிவு உரிமையை மறுக்கிறது. நேற்று மிரட்டியவனை இன்று தேடிப் போய்த் துப்பாக்கி காட்டுவது பழிவாங்கல். நீதிமன்றத்தில் தற்காப்பை நிறுவும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கக்கூடியது என்று சாட்சியங்கள் காட்டினால் போதும். அதனால் சம்பவம் நடந்த உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். இடத்தை விட்டு ஓடாதீர்கள். காயங்களை மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். முதல் வாக்குமூலத்தில் மறைத்த உண்மையைப் பின்னர் நம்ப வைப்பது மிகக் கடினம்.

2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் உரிமம் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சியை வற்புறுத்துகின்றன. அந்தப் பயிற்சியில், எங்கே சுடுவது என்பதற்கு முன்பாக எப்போது எடுக்கக் கூடாது என்பதை தர்ஷன் சிங், ஜெய் தேவ் தீர்ப்புகளை வைத்துக் கற்பியுங்கள் என்று உரிமம் வழங்கும் அதிகாரிகளை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். இங்குள்ள இளம் வழக்கறிஞர்கள் அதற்கு முன்வந்து வகுப்பெடுக்க வேண்டும்.