காகிதக் கூழில் வனைந்த கலங்கள்



மன்னார்த் தீவு மணல் நிலம். பனைக்குக் குறைவில்லை, குயவருக்கு வேண்டிய களிமண்ணோ பெருநிலப்பரப்பிலிருந்து வரவேண்டும். எதிர்க்கரை மாந்தையில் 1980ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வில் சீனக் கலவோடுகளும் பாரசீகக் கலவோடுகளும் வெளிப்பட்டன. கலங்கள் கடல்கடந்து வந்திறங்கிய கரை இது. யான் இன்று பேசவிருப்பதோ அத்துணைப் புகழில்லாத ஒரு கலம்; பழைய காகிதத்தால் வீட்டுப் பெண்கள் வனைந்தது.

வட இலங்கையிலும் தமிழகத்துச் சிற்றூர்களிலும் நம் பாட்டிமார் இதனை நன்கறிந்திருந்தனர். காகிதத்தைக் கிழித்து மூன்று நான்கு நாள் நீரில் ஊறவைப்பர். பின்னர்ப் பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து உரலில் இடிப்பர். அல்லது ஆட்டுக்கல்லில் அரைப்பர். அந்தக் கூழைக் கவிழ்த்த குடத்தின்மேல் விரற்கனத்திற்கு அப்பி, நிழலில் உலர்த்திக் கழற்றினால் கலம் ஆயிற்று. சுளகுக்கும் பனையோலைப் பெட்டிக்கும் இடுக்கு அடையப் பூசுவதும் இதே கூழ்தான். வெந்தயத்தின் வழுவழுப்பு காகித நாரைப் பிணைக்கிறது. அதன் கசப்புக்குப் பூச்சி அணுகாது என்பது பெண்கள் கண்ட அனுபவம். அரிசி வைக்கலாம், பயறு வைக்கலாம். தண்ணீர் மட்டும் ஆகாது.

இதனை ஏழைகளின் கைவேலை என்று இகழ்வோர் உளர். காசுமீரத்தில் இதே கூழ் அரசவைக் கலையாக உயர்ந்தது. புதுவையை அடுத்த திருக்கனூரில் இன்றும் பொம்மைகளாகிறது. மேல்நாட்டுக் குயக்கலைஞரோ களிமண்ணிலேயே காகிதக் கூழைக் கலக்கின்றனர். உலரும்போது வெடியாதபடி நார் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. சூளையில் நார் எரிந்துபோக, கலம் இலேசாகிறது. காய்ந்த பகுதியோடு ஈரப் பகுதியை ஒட்டவும் முடிகிறது. வெறும் மண்ணில் இது எளிதன்று.

நம்மிடம் இவ்வித்தை ஏன் அருகியது? பிளாஸ்டிக் வாளியை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. 1990ஆம் ஆண்டு இத்தீவின் மக்கள், தமிழரும் முஸ்லிம்களும், வெவ்வேறு காரணங்களால் வீடுவாசல் விட்டகன்றனர். ஆட்டுக்கல்லைச் சுமந்துகொண்டு படகேறுவார் உண்டோ? அரைக்கும் கல் போயிற்று. அருகிலிருந்து பார்த்துப் பழகும் பேத்தியும் வேற்றூரில் வளர்ந்தாள்.

ஆண்டிறுதியில் பாடசாலைகளில் எழுதித் தீர்ந்த கொப்பிகள் குவிகின்றன. பெரும்பாலும் நெருப்புக்கே இரையாகின்றன. அவற்றில் ஒரு கட்டினை ஊறவைத்து, கைப்பணி தெரிந்த மூதாட்டி ஒருவரை வகுப்புக்கு அழைக்க ஆசிரியர்கள் முன்வரலாகாதா? சோளகம் வீசும் மாதங்களில் மட்டும் முற்றத்தில் உலர்த்த வேண்டாம். ஈரக் கூழில் மணல் ஒட்டிக்கொள்ளும். விறாந்தையே தகுந்த இடம்.